ஏழு வீடு வாங்க வந்த மஹபூப் பீவி

திண்டிவனத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு இடத்தில் உட்கார்ந்து இருபத்தெட்டு வருடம் பத்திரம் எழுதினேன். போன வருடம்தான் விட்டேன். வீடு வாங்க வருகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வரும். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பத்திரத்தைப் படித்துக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள். ஆறு மாதம் கழித்து, "இன்னாங்க தேவநாதன், இப்படி மாட்டி வுட்டுட்டீங்களே" என்று என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். வாங்குவதா வேண்டாமா என்று முழுசாக யோசித்து முடிவு செய்த ஒரே ஒரு ஆளைத்தான் நான் இத்தனை வருடத்தில் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர். பெயர் மஹபூப் பீவி, ஊர் கோட்டக்குப்பம்.

2003 பிப்ரவரியில் தரகர் மாயவன் அவரை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்தார். கறுப்பு புர்கா, கையில் ஒரு வயர் கூடை. அதிகம் பேச மாட்டார். ஒன்று கேட்டால் பதில் வருவதற்குள் நான் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். அந்த நிதானம் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு வந்த இடத்தில் என்ன இவ்வளவு யோசனை என்று மனதுக்குள் முணுமுணுத்தேன்.

அவருடைய கணவர் யூசுப் அலி 1993இல் குவைத்துக்குப் போனவர். அங்கே ஒரு வீட்டில் கார் ஓட்டினார். போகும்போது மகள் பெனாசிருக்கு எட்டு மாதம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். பத்து வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம்கூட ஆகாது. மற்ற நாளெல்லாம் மகளுக்கு அவர் டெலிபோனில் வருகிற ஒரு குரல். சின்ன வயதில் அந்தப் பெண், எந்த வீட்டில் போன் மணி அடித்தாலும், "அத்தா வந்துட்டாரு" என்று ஓடுமாம்.

அனுப்பிய பணத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கை எடுத்து வைத்து, மஹபூப் பீவி ஒன்பது லட்சம் சேர்த்திருந்தார். வட்டி வாங்குவது அவர்களுக்கு ஆகாது என்பதால் பேங்கில் டெபாசிட் போடும் பேச்சே இல்லை. நான்தான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"ஏம்மா, இவ்ளோ காசை வச்சிக்கினு வாடகை வீட்ல இருக்கீங்க. முதல்ல கோட்டக்குப்பத்துல சொந்தமா ஒரு மாடி வூடு கட்டுங்களேன். அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்."

வெற்றிலை முழுதும் தீர்ந்த பிறகு பதில் வந்தது.

"எங்க தெருவுல எல்லாரும் கட்டியிருக்காங்கண்ணா. கட்டின ஆம்பளைங்க ஒருத்தரும் அதுல இல்ல. பெயிண்டு அடிக்க, கரண்டு பில்லு கட்டன்னு அங்கயே சம்பாதிச்சிக்கினு இருக்காங்க. சொந்த வூடு சோறு போடாது. எனக்கு அவரு திரும்பி வரணும். வந்தா மாசாமாசம் சோத்துக்கு வழி வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. வளைகுடாப் பணத்தில் எத்தனையோ பேர் மனை வாங்கியதை நான் எழுதியிருக்கிறேன். ஒருவர்கூட இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

விற்பனைக்கு வந்தது ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் ஒரே வரிசையில் இருந்த ஏழு வீடுகள். ஒரு கூடம், ஒரு சமையலறை, பொதுவாக ஒரு கிணறு, ஒரு குழாய். உரிமையாளர் விழுப்புரத்தில் இருந்த கிருஷ்ணசாமி என்ற ஓய்வு பெற்ற மனிதர். ஏழையும் சேர்த்துத்தான் கொடுப்பேன், பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்றார். விலை ஒன்பது லட்சம். வீட்டுக்கு எழுநூறு வாடகை, ஏழு வீட்டுக்கும் சேர்த்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம் வரும் என்று மாயவன் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு சின்னக் குடும்பம் அதில் கௌரவமாகச் சாப்பிடலாம். யூசுப் அலி ஜூனில் லீவுக்கு வருகிறார். கிரயம் முடிந்தால் அவர் திரும்பிப் போக வேண்டியதில்லை.

நான் மூலப்பத்திரம் பார்த்தேன், பட்டா பார்த்தேன், முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். ஒரு கறை இல்லை. "கண்ணை மூடிக்கினு வாங்கலாம்மா" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மஹபூப் பீவி கண்ணை மூடவில்லை. "நாலாவது வூடு காலியா இருக்குதாமே. ஏப்ரல், மே ரெண்டு மாசம் வாடகைக்கு இருந்து பார்க்கறேன். அப்புறம் சொல்றேன்" என்றார்.

மாயவன் சிரித்துவிட்டார். "வாங்கப் போறவங்க எங்கனா வாடகை குடுப்பாங்களா பீவிம்மா? பேஜாரு பண்றீங்களே." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கிருஷ்ணசாமியும் விழுப்புரத்திலிருந்து போனிலேயே சிரித்திருப்பார் போல. காலி வீட்டுக்கு இரண்டு மாத வாடகை வருகிறதே என்று சரி சொல்லிவிட்டார். மகளுக்கு முழுப் பரீட்சை முடிந்த மறுநாள், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம், இரண்டு பாயோடு அந்த அம்மா நாலாவது வீட்டில் வந்து இறங்கினார்.

அவர் ஒன்றும் துப்பறியவில்லை. குடியிருந்தார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வந்து தான் பார்த்ததைச் சொல்வார். சித்திரை வெயிலிலும் கிணற்றில் ஆறடி தண்ணீர் நிற்கிறது. ஆறாவது வீட்டுக் கூரையில் ஒரு விட்டம் மாற்ற வேண்டும். சாக்கடை முதல் வீட்டு வாசலில்தான் தேங்குகிறது, அதனால் அந்த வீட்டுக்கு எழுநூறு கேட்பது நியாயமில்லை. வாங்குவதற்கு முன்னாலேயே வாடகையைக் குறைக்கிறாரே இந்த அம்மா என்று நான் தலையில் கை வைத்தேன்.

மே மாதம் ஏழாம் தேதி வாக்கில் அவர் வந்தபோது முகம் சரியில்லை.

"அண்ணா, அஞ்சாந்தேதி ஓனர் ஆளு வாடகை வாங்க வந்தாரு. எல்லா வூட்லயும் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. சாயந்திரம் குழாயாண்ட பொம்பளைங்க பேசிக்கினு இருந்தாங்க. மூணு வூட்டுக்காரங்க ஓனரைத் திட்டித் தீர்த்துட்டாங்க. மூணு வூட்டுக்காரங்க ஒரு வார்த்தை திட்டல."

"நல்லவங்களா இருப்பாங்க" என்றேன்.

"நான் வந்ததுலேருந்தே திட்டல. நான் கல்யாணம் ஆனதுலேருந்து ஒன்பது வாடகை வூடு மாறியிருக்கேன். வாடகை குடுத்த அன்னிக்கு ஓனரைத் திட்டாத பொம்பளையை நான் பார்த்ததே இல்ல. அந்த மூணு வூட்லயும் சொந்தக் காசுல அலமாரி கட்டியிருக்காங்க, தரைக்கு சிமெண்டு பூசியிருக்காங்க. வாடகைக்கு இருக்கறவங்க செவுத்துல ஒரு ஆணி அடிக்கவே யோசிப்போம். அவங்க வாடகைக்கு இல்லண்ணா."

நான் முப்பது வருட வில்லங்கத்தில் தேடிக் கண்டுபிடிக்காததை அவர் தண்ணீர்க் குழாயடியில் கண்டுபிடித்திருந்தார். அன்று மாலையே இரண்டாவது வீட்டுச் செண்பகத்திடம் நேராகக் கேட்டாராம். செண்பகம் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், கணவனை இழந்தவள். சிறிது நேரம் மழுப்பிவிட்டு அழுதுவிட்டாள்.

அந்த மூன்று வீடும் போக்கியத்துக்கு விடப்பட்டவை. எங்கள் பக்கத்தில் இது சகஜம். வீட்டுக்காரரிடம் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி பண்ணும்போது அந்தத் தொகை அப்படியே திரும்ப வர வேண்டும். செண்பகம், கணவன் விபத்தில் இறந்ததற்கு வந்த நஷ்டஈடு அறுபதாயிரத்தை அப்படிக் கொடுத்திருந்தாள். மற்ற இரண்டு வீட்டுக்கும் அதே அறுபது. எல்லாம் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், பதிவு கிடையாது. அதனால்தான் என் வில்லங்கச் சான்றில் அது வரவில்லை. கிருஷ்ணசாமி அந்தப் பணத்தைச் செலவழித்தாகிவிட்டது. விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று, "யாராவது கேட்டா வாடகைன்னு சொல்லுங்க. கவர்ல வெறும் காயிதத்தை வச்சிக் குடுங்க. இல்லேன்னா காசு வராது" என்று மிரட்டி வைத்திருந்தார்.

மறுநாள் அவர் வந்து இதைச் சொன்னதும், "ஒரு லட்சத்து எண்பதாயிரம்" என்றேன். பிறகு, தொழில் புத்தி விடவில்லை. "ஆனா பதியாத காயிதம்மா அது. உங்களை ஒண்ணும் கட்டுப்படுத்தாது. நீங்க பாட்டுக்கு வாங்கிட்டு அவங்களைக் காலி பண்ணச் சொல்லலாம். அவங்க கிருஷ்ணசாமியைத் தேடிப் போய்க் கேட்டுக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் பேசியது காதில் விழாதது மாதிரி கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது எனக்கு.

ஜூன் முதல் வாரம் யூசுப் அலி வந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். பதினொரு வயது பெனாசிர் அவர் கையைப் பிடித்தபடியே அந்த வரிசை வீடுகளில் எல்லாரிடமும், "எங்கத்தா இனிமே போக மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் கழித்து மாயவன் ஒரு அம்பாசிடர் பிடித்தார். கணவனும் மனைவியும் நானும் அவரோடு விழுப்புரம் போனோம்.

கிருஷ்ணசாமி வீட்டில் காபி கொடுத்தார்கள். மஹபூப் பீவி அதைத் தொடவில்லை. "மூணு பேரு காயிதத்தையும் படிச்சேங்க. அடுத்தாப்பல யாரு பார்க்க வந்தாலும் கவரைக் குடுக்காதீங்க, காயிதத்தைக் காட்டுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். குரல் உயரவே இல்லை. கிருஷ்ணசாமி எங்களை மிரட்டினார், பிறகு தன் உடல்நிலையைச் சொன்னார், பிறகு மகன் வாங்கிய கடனைச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு வீட்டுப் பணத்தை, அறுபதாயிரத்தை விலையில் குறைத்தார். அதற்கு மேல் ஒரு பைசா இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன், அந்த ஆளுக்கு இந்த மாதிரி நியாயமெல்லாம் கிடையாது என்றார். அது உண்மை என்று மாயவன் முகத்திலேயே தெரிந்தது.

ஆக இரண்டு வீட்டுப் பணம் நின்றது, ஒரு லட்சத்து இருபதாயிரம். அதை வாங்குகிறவர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டு குடும்பமும் இழக்க வேண்டும். நகையெல்லாம் பத்திரச் செலவுக்கென்று ஏற்கெனவே போயிருந்தது.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க இறங்கினோம். பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. யூசுப் அலி டீயை ஊதிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அண்ணா, அந்த ரெண்டு வூட்டுக் காசைப் பத்தி பத்திரத்துல எழுதாம வுட்டா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாது பாய். ஏழு வீட்டு வாடகையும் வரும். நீங்களும் இங்கயே இருக்கலாம்."

அவர் தலையாட்டினார். அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பத்து வருடம் இன்னொருத்தர் வீட்டுக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்றதுதாங்க. உங்க காசு" என்றார் மஹபூப் பீவி. டீ கிளாஸைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு வழக்கம்போல நிதானமாகப் பேசினார்.

"உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு இருக்குது. தொண்ணூத்தாறுல நாம இருந்த அந்தக் கிணத்து வூடு கைமாறிச்சு. வாங்கினவரு, அட்வான்ஸ் பழைய ஓனர்கிட்ட போய் வாங்கிக்கோன்னு சொல்லி சாமானை எடுத்து வெளிய வச்சிட்டாரு. பழைய ஓனரு, வித்தாச்சு, எனக்குத் தெரியாதுன்னுட்டாரு. நாலாயிரம். பெனாசிரை இடுப்புல வச்சிக்கினு ரெண்டு பேரு வூட்டுக்கும் மூணு மாசம் நடந்தேன். வரவே இல்ல. நீங்க அங்க இருந்துக்கினு என்னா பண்ணுவீங்கன்னு சொல்லல."

யூசுப் அலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மாசம் போன்ல நல்லா இருக்கேன்னுதானே சொன்னே."

"நல்லாதான் இருந்தேன். வாங்கினவரை மட்டும் இன்னும் மன்னிக்க முடியல. இப்ப அந்த எடத்துல நாம நிக்கறோம்."

டீக்கு மாயவனே காசை எடுத்துக் கொடுத்தார், அது அவர் வாழ்க்கையில் அபூர்வம். கடைசியில் யூசுப் அலி என்னிடம் திரும்பினார்.

"எழுதுங்கண்ணா. அவங்க காசு எங்க பொறுப்புன்னு எழுதுங்க. விசா இன்னும் இருக்குது. ரெண்டு வருஷம் போயிட்டு வர்றேன்."

வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதினேன். என் கை ஆயிரக்கணக்கான கிரயப் பத்திரம் எழுதிய கை. வாங்குகிறவர் தன் தலையில் தானே கடனை ஏற்றிக்கொண்டு எழுதச் சொன்னது அது ஒன்றுதான். செண்பகத்தையும் மற்றவரையும் பெயர் சொல்லி, அவர்களுடைய போக்கியத் தொகையைத் தானே திருப்பித் தருவதாகவும், அதுவரை காலி செய்யச் சொல்லத் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ உரிமையில்லை என்றும் எழுதச் சொன்னார். போக்கியத்துக்கு இருந்த மூன்றாமவருக்கு, விலையில் குறைத்த அறுபதாயிரத்தை அன்றைக்கேக் கொடுத்தாகிவிட்டது.

"வாயால சொன்னா போதாதாம்மா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு நான் மவுத்தாயி மண்ணுக்குப் போயிட்டா வாய் எங்கண்ணா இருக்கும்?" என்றார்.

சார்பதிவாளர் அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தார். முத்திரையைக் குத்திப் பதிவு செய்தார்.

ஜூலை மாதம் யூசுப் அலி விமானம் ஏறினார். பெனாசிர் வழியனுப்பப் போகவில்லை. "வூடு வாங்கினா அத்தா இருப்பாருன்னு சொன்னியே" என்று அம்மாவிடம் சொன்னதுதான், எட்டு நாள் வேறு பேச்சே பேசவில்லையாம். பத்திர நகல் வாங்க வந்தபோது இதை என்னிடம் சொல்லிவிட்டு மஹபூப் பீவி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். நீங்கள் செய்தது சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருக்குத் தெரியாதா என்ன. நகலை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் அந்த அம்மா ஆறாவது வீட்டு விட்டத்தை மாற்றினார். முதல் வீட்டுக்கு வாடகையை ஐந்நூற்றைம்பது ஆக்கி, சாக்கடையைச் சரி செய்த பிறகுதான் பழையபடி எழுநூறு வாங்கினார். ஐந்தாம் தேதி அவரே கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அவர் வந்து போன பிறகு குழாயடியில் பெண்கள் திட்டுகிறார்களா என்று செண்பகத்திடம் ஒரு தடவை கேட்டேன். "திட்டாம இருப்போமா சார், வாடகை வாடகைதானே" என்று சிரித்தாள்.

2005 ஆகஸ்டில் யூசுப் அலி திரும்பி வந்தார். மீனம்பாக்கத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கோட்டக்குப்பம் போவதற்கு முன்னால் திண்டிவனத்திலேயே இறங்கிவிட்டார். பெட்டிகளோடு மனைவியும் மகளும் கூட நின்றார்கள். சாட்சிக்கு வரச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வீட்டுப் பணத்தை முந்தின வருடமே கொடுத்திருந்தார்கள். பாக்கி செண்பகம் மட்டும்தான்.

யூசுப் அலி அறுபதாயிரத்தை அவள் கையில் கொடுத்தார். செண்பகம் எண்ணிப் பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரைத்தாளைக் கிழித்தாள். பிறகு அந்தக் கட்டிலிருந்தே ஏழு நூறு ரூபாய் நோட்டை உருவி அவரிடம் நீட்டினாள்.

"இது என்னாம்மா?"

"இந்த மாச வாடகை பாய். இனிமே நான் வாடகைக்காரிதானே."

அவர் அதை வாங்கினார். பன்னிரண்டு வருடமாகச் சம்பளத்தை அடுத்தவர் நாட்டில் நின்று வாங்கியவர். எழுநூறு ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கெட்டில் வைக்கவும் இல்லை, மனைவியிடம் கொடுக்கவும் இல்லை. பிறகு, பள்ளிக்கூடம் லீவா என்று கேட்கிற பிள்ளையைப் போல மஹபூப் பீவியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் போக வேணாமா?"

அந்த அம்மா எதற்குமே உடனே பதில் சொல்லாதவர். அன்றைக்கு அவர் கேட்டு முடிக்கும் முன்பே, "வேணாங்க" என்றார்.